ஒரே ஸ்கேன், பல விலை: அமெரிக்காவில் டிடக்டிபிள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டில் ஒரு பதில் வரும். “இன்சூரன்ஸ்தான் இருக்கே, எங்க ஸ்கேன் எடுத்தா என்ன, அவங்க பார்த்துக்குவாங்க” என்பார் ஒருவர். “டிடக்டிபிள் முடியிற வரைக்கும் இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்” என்பார் இன்னொருவர். (டிடக்டிபிள் என்பது காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை; விவரம் பின்னால் வரும்.) இரண்டுமே தப்புக் கணக்கு. முதலாமவருக்கு ஸ்கேன் எடுத்துச் சில வாரம் கழித்து இரண்டாயிரம் டாலருக்குப் பில் வரும். இரண்டாமவர் பில்லுக்குப் பயந்து, டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனையே தள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஊரில் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்ததும் “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பது நமக்கு இயல்பு. அமெரிக்கா வந்ததும் ஏனோ அந்தக் கேள்வி வாயில் வருவதில்லை. கேட்டாலும், “அது உங்கள் இன்சூரன்ஸைப் பொறுத்தது” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தப் பதில் பொய்யில்லை. அதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டால் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்கலாம்.

## முதலில் ஒரு ஜவுளிக் கணக்கு

உங்கள் அலுவலகத்தில் ஓர் ஊழியர் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்காக ஊரில் உள்ள பத்து ஜவுளிக்கடைகளோடு சங்கம் பேசி, உறுப்பினர்களுக்கென்று தனி விலை வாங்கி வைத்திருக்கிறது. விதி இதுதான்: ஆண்டில் முதல் 5,000 ரூபாய்க்கு வாங்குவது உங்கள் கைக்காசு. அதற்கு மேல் வாங்கினால் நூற்றுக்கு எண்பது ரூபாயைச் சங்கம் கொடுக்கும்.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் 5,000 ரூபாய் உங்கள் பணமே என்றாலும், சங்க அட்டையைக் காட்டினால்தான் சங்கம் பேசிய விலை கிடைக்கும். அடுத்தது, எல்லாக் கடையும் ஒரே விலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரிலேயே பெரிய கடை, “நாங்கள் இல்லாமல் உங்கள் பட்டியல் எடுபடுமா?” என்று முறுக்கிக்கொண்டு பட்டு வேட்டியை 1,800 ரூபாய்க்குக் குறைக்க மறுத்திருக்கிறது. பக்கத்துத் தெருக் கடை அதே வேட்டியை 700 ரூபாய்க்குத் தருகிறது. இரண்டுமே சங்கத்தின் பட்டியலில் இருக்கும் கடைகள்தான்.

அட்டை இருக்கிறது என்று பெரிய கடைக்குப் போனால் 1,100 ரூபாய் கூடுதலாகப் போவது உங்கள் பையிலிருந்து.

## இப்போது நிஜப் பெயர்கள்

சங்கம் என்பது காப்பீட்டு நிறுவனம். அந்த முதல் 5,000 ரூபாய்தான் டிடக்டிபிள்: காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன், ஒவ்வோர் ஆண்டும் நீங்களே கட்ட வேண்டிய தொகை. பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1ஆம் தேதி அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

டிடக்டிபிள் முடிந்த பிறகும் பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். நூற்றுக்கு இருபது என்பது சகஜம். இதற்குக் கோ-இன்சூரன்ஸ் என்று பெயர். இப்படி நீங்கள் கட்டியதெல்லாம் சேர்ந்து ஓர் எல்லையைத் தொட்டதும், அந்த ஆண்டில் மிச்சம் முழுவதையும் காப்பீடே ஏற்கும். அந்த எல்லையை உச்சவரம்பு என்று சொல்வோம். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட இடங்கள் இன்-நெட்வொர்க். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். ஒப்பந்தம் இல்லாத இடத்துக்குப் போனால் கணக்கே வேறு.

டிடக்டிபிள் எவ்வளவு பெரிது? ‘ஹை டிடக்டிபிள் திட்டம்’ என்ற பெயருக்குத் தகுதி பெற, அமெரிக்க வரித்துறை 2025ஆம் ஆண்டுக்கு வைத்த குறைந்தபட்சம் தனிநபருக்கு 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 டாலர். இது தரைமட்டம்தான். பல கம்பெனிகளின் திட்டங்களில் இதைவிட அதிகம். மாதச் சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம் குறைவு என்பதால் ஆரோக்கியமாக இருக்கும் இளைஞர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் ஒரு நாள் கிரிக்கெட் ஆடும்போது முட்டி திரும்பிக்கொள்ளும்.

சுருக்கமாக: டிடக்டிபிள் முடியும் வரை பணம் உங்களுடையது, விலை காப்பீட்டு நிறுவனம் பேசி வைத்தது, எந்த இடத்துக்குப் போவது என்ற முடிவும் பெரும்பாலும் உங்களுடையது.

## ஒரு ஸ்கேனுக்கு மூன்று விலை

ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஸ்கேனுக்கு மூன்று விலை உண்டு. முதலாவது பட்டியல் விலை. மருத்துவமனை தன் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் மிகப் பெரிய எண் அது. பில்லின் முதல் வரியில் வந்து வயிற்றைக் கலக்கும். காப்பீடு உள்ளவர்கள் அதைக் கட்டுவதில்லை, அதனால் அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டாவது ஒப்பந்த விலை, அதாவது காப்பீட்டு நிறுவனமும் அந்த இடமும் பேசி முடித்த விலை. டிடக்டிபிளில் நீங்கள் கட்டுவது இதைத்தான். மூன்றாவது ரொக்க விலை, காப்பீட்டைப் பயன்படுத்தாமல் நேரடியாகப் பணம் கட்டுபவருக்கானது. அதற்குப் பிறகு வருவோம்.

வேறுபாடு பெரிதாக இருப்பது ஒப்பந்த விலையில்தான். முட்டிக்கான சாதாரண எம்.ஆர்.ஐ. ஓர் இடத்தில் சில நூறு டாலர், அதே ஊரில் இன்னோர் இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் என்பது அமெரிக்காவில் வெகு சாதாரணம். மெஷின் வேறா? பெரும்பாலும் ஒரே சில கம்பெனிகளின் மெஷின்கள்தான். படத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்டும் சில ஊர்களில் இரண்டு இடத்துக்கும் பொதுவானவராக இருப்பார்.

பிறகு ஏன் இந்த வித்தியாசம்? மருத்துவமனைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அவசரப் பிரிவு நடத்தும் செலவு உண்டு. பணம் கட்ட முடியாதவர்களுக்குச் செய்யும் சிகிச்சையின் சுமையும் உண்டு. மருத்துவமனைகள் சொல்லும் இந்தக் காரணங்களில் உண்மை இருக்கிறது. ஆனால் முக்கியக் காரணம் பேரம் பேசும் பலம் என்பது என் கருத்து. ஊரிலுள்ள பாதி டாக்டர்கள் ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் வேலை பார்த்தால், அந்தக் குழுமத்தைப் பட்டியலில் சேர்க்காமல் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அந்த ஊரில் திட்டம் விற்க முடியாது. குழுமத்துக்கும் அது தெரியும். தனியாக ஸ்கேன் மட்டும் எடுக்கும் சென்டருக்கு அந்தப் பலம் கிடையாது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆன்தம் நிறுவனம் 2017இல், மருத்துவக் காரணம் இல்லாமல் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் எடுக்கும் எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன்களுக்குப் பணம் தர மாட்டோம் என்று தன் பல திட்டங்களில் விதி கொண்டுவந்தது. பெரும் சண்டை நடந்தது. உங்கள் திட்டத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பொறி: எல்லா மருத்துவமனையும் மருத்துவமனை மாதிரி இருக்காது. கடைத்தெருவில் காபிக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்கேன் நிலையம்கூடச் சட்டப்படி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவாக இருக்கலாம். கட்டடத்தை வைத்து விலையை ஊகிக்கக் கூடாது. “பில் மருத்துவமனை பெயரில் வருமா, தனி சென்டர் பெயரில் வருமா?” என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

## எண்களைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனைக்கு ஒரு திட்டம்: டிடக்டிபிள் 3,000 டாலர், அதற்கு மேல் நூற்றுக்கு இருபது உங்கள் பங்கு, உச்சவரம்பு 6,000 டாலர். முட்டி எம்.ஆர்.ஐ.யின் ஒப்பந்த விலை மருத்துவமனையில் 2,400, தனி சென்டரில் 500 என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் மாதம். இந்த ஆண்டில் இதுவரை டாக்டர் பக்கமே போகவில்லை. மருத்துவமனையில் எடுத்தால் 2,400 டாலரும் நீங்கள்தான். சென்டரில் எடுத்தால் 500. வித்தியாசம் 1,900 டாலர்.

இங்கே ஒரு வாதம் வரும்: “எப்படியும் டிடக்டிபிள்தானே கழியுது, போனா போகட்டும்.” ஆண்டின் மீதி மாதங்களில் பெரிய செலவு வராவிட்டால் கழிந்த டிடக்டிபிளால் ஒரு பயனும் இல்லை. ஜனவரியில் அது அழிந்துவிடும். 1,900 டாலர் போனது போனதுதான்.

டிடக்டிபிளை ஏற்கெனவே கட்டி முடித்தவருக்கு வித்தியாசம் சுருங்கும். 2,400இல் இருபது சதவீதம் 480, 500இல் 100. அப்போதும் 380 டாலர் மிச்சம்தான்.

விலை பார்ப்பதே வீண் வேலையாகும் ஒரு நிலையும் உண்டு. பலர் இதைச் சொல்வதில்லை. அதே ஆண்டில் 30,000 டாலர் அளவுக்கு அறுவை சிகிச்சை வரப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால், ஸ்கேனை எங்கே எடுத்தாலும் உங்கள் மொத்தச் செலவு உச்சவரம்பான 6,000இல் போய் நின்றுவிடும். அப்போது அலைய வேண்டாம்; அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருக்கு எது வசதியோ அங்கேயே எடுங்கள். பிரசவம் எதிர்பார்க்கும் குடும்பங்களுக்கும் பல நேரங்களில் இதே நிலைதான். டிசம்பரில் ஸ்கேன், ஜனவரியில் அறுவை சிகிச்சை என்று அமைந்தால் மட்டும் கவனம்: இரண்டு ஆண்டின் டிடக்டிபிளையும் கட்ட நேரும்.

சுருக்கமாக: ஆண்டில் ஒரே ஒரு ஸ்கேன்தான் பெரிய செலவு என்றால் விலை பார்ப்பதால் லாபம் அதிகம். உச்சவரம்பைத் தொடப்போகிறவருக்கு லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

## எழுதிக் கொடுத்த இடத்துக்கே போக வேண்டுமா?

டாக்டர் ஸ்கேன் எழுதியதும், அவர் அலுவலகத்திலிருந்தே ஒரு மருத்துவமனைக்குத் தகவல் போய்விடும். இரண்டு நாளில் அங்கிருந்து, “செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர முடியுமா?” என்று அழைப்பு வரும். நாமும் சரி என்று போய்விடுகிறோம். பணம் தீர்மானமாகும் இடம் அந்தத் தொலைபேசி அழைப்புதான்.

2018இல் ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், கால் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களின் காப்பீட்டுக் கணக்குகளை அலசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன்படி ஒருவர் தன் வீட்டிலிருந்து ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போகும் வழியில், விலை குறைந்த ஆறு இடங்களைச் சராசரியாகத் தாண்டிப் போயிருந்தார். விலை ஒப்பிடும் வசதியை அவர்களின் காப்பீடு கொடுத்திருந்தும், அதை முன்கூட்டிப் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது அனுப்பிய டாக்டர்தான். நோயாளி கையிலிருந்து எவ்வளவு கட்டுகிறார் என்பதற்கு அந்த அளவுக்குச் செல்வாக்கு இல்லை.

டாக்டர் உங்களை ஏமாற்றுகிறார் என்று பொருள் கொள்ள வேண்டாம். அவர் மருத்துவமனைக் குழுமத்தின் ஊழியராக இருப்பார், அவருடைய கணினியில் முதலில் வருவது அந்தக் குழுமத்தின் ஸ்கேன் பிரிவாக இருக்கும். விலை எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. “வேறு சென்டரில் எடுக்கலாமா? ஆர்டரை அங்கே அனுப்ப முடியுமா?” என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை. தன் மருத்துவமனைகளுக்குள்ளேயே சிகிச்சை தரும் கைசர் பெர்மனென்டே போன்ற திட்டங்களில் மட்டும் இதற்குப் பெரிதாக இடமில்லை.

ஸ்கேன் உண்மையிலேயே வேண்டுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். சாதாரண முதுகுவலிக்கு, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால், முதல் ஆறு வாரத்துக்குள் ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவர் சங்கங்களே 2012இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் மூலம் சொல்லியிருக்கின்றன. எடுக்காத ஸ்கேனைவிட மலிவான ஸ்கேன் கிடையாது.

## விலை கேட்கும் முறை

“எம்.ஆர்.ஐ. எவ்வளவு?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். டாக்டர் அலுவலகத்தில் முதலில் சி.பி.டி. எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் அமெரிக்கா முழுவதும் பொதுவாக இருக்கும் ஐந்து இலக்க எண் அது. படம் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுக்கும் முட்டி எம்.ஆர்.ஐ.க்கு 73721. மருந்து ஏற்றி எடுத்தால் 73722. ஏற்றும் முன்னும் பின்னும் எடுத்தால் 73723. எண் ஒன்று மாறினால் விலையும் மாறும். தப்பான எண்ணுக்கு விலை கேட்டுவிட்டுப் பிறகு சண்டை போட முடியாது.

எண் கையில் வந்ததும் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து 500 சேவைகளுக்கும், 2024 ஜனவரியிலிருந்து எல்லாச் சேவைகளுக்கும், உங்கள் திட்டத்தில் எந்த இடத்தில் என்ன விலை என்று காட்டும் வசதியை அவர்கள் தர வேண்டும் என்பது சட்ட விதி. உங்கள் டிடக்டிபிளில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டும். மருத்துவமனைகளும் 2021 ஜனவரி 1 முதல் தங்கள் விலைகளை இணையத்தில் வெளியிட வேண்டும். ஆனால் அந்தக் கோப்புகளைத் திறந்து படிப்பது சாதாரண மனிதர் காரியமில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வசதியே போதும்.

அங்கே மலிவாகத் தெரியும் இரண்டு மூன்று இடங்களைக் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்க மறக்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: “இது மொத்த விலையா?” ஒரு ஸ்கேனுக்கு இரண்டு பகுதி உண்டு. மெஷின், அறை, ஊழியர் ஆகியவற்றுக்கான கட்டணம் ஒன்று. படத்தைப் படித்து அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்டின் கட்டணம் இன்னொன்று. தனி சென்டர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பில்லாகப் போடும். மருத்துவமனைகளில் இரண்டும் தனித்தனியாக வருவது வழக்கம். முதல் பில்லைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது இரண்டாவது வந்து கதவைத் தட்டும். சென்டரில் படம் படிப்பவரும் இன்-நெட்வொர்க்தானா என்று கேளுங்கள். எதிர்பாராத பில்லைத் தடுக்க 2022இல் அமலுக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், அவசரமில்லாத சிகிச்சைகளில் மருத்துவமனைகளையும் அறுவை சிகிச்சை மையங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது. தனி ஸ்கேன் சென்டர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இடத்தை மாற்றினால் முன் அனுமதியையும் மாற்ற வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ., சி.டி. போன்றவற்றுக்குக் காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே ஒப்புதல் தருவதைத்தான் முன் அனுமதி என்கிறோம். அது பெரும்பாலும் இடத்தின் பெயரோடு வரும். டாக்டர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் மாற்றித் தருவார்கள். இதை விட்டுவிட்டால், மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் இழப்பீர்கள்.

## ரொக்க விலை என்னும் குறுக்கு வழி

சில சென்டர்களில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் 500 டாலர், காட்டாமல் ரொக்கமாகக் கட்டினால் 350 டாலர் என்பார்கள். விநோதம்தான், ஆனால் நடப்பதுதான். பில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி மல்லுக்கட்டும் வேலை அவர்களுக்கு மிச்சமாகிறது.

குறைந்த விலை என்று உடனே பாய வேண்டாம். ரொக்கமாகக் கட்டியது சாதாரணமாக உங்கள் டிடக்டிபிளில் கழியாது. சில திட்டங்கள் ரசீதை அனுப்பினால் சேர்த்துக்கொள்ளும், கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஆண்டு முழுக்க வேறு செலவு வராது என்று தோன்றினால் ரொக்கம் நல்லது. பின்னால் செலவு இருக்கிறதென்றால் 150 டாலர் கூடுதலாகப் போனாலும் அட்டையைக் காட்டுவதே மேல். ரொக்கம் கட்டுபவர்கள் எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்கலாம், அது சட்டப்படியான உரிமை. இறுதிப் பில் அந்த மதிப்பீட்டை 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால், பில் வந்த 120 நாளுக்குள் முறையிட வழி இருக்கிறது.

எந்த வழியில் கட்டினாலும் ஹெச்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து கட்டலாம். ஹை டிடக்டிபிள் திட்டம் உள்ளவர்கள் மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு அது. ஊருக்கு விடுமுறைக்குப் போகும்போது அங்கே ஸ்கேன் எடுத்து வருபவர்கள் நம்மிடையே நிறைய. அந்தச் செலவையும் இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம். டிடக்டிபிளில் மட்டும் கழியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## மலிவு என்றால் மட்டமா?

நியாயமான சந்தேகம்தான். விலை குறைந்ததற்குக் காரணம் பேரத்தின் பலவீனமாக இருக்கலாம், பழைய மெஷினாகவும் இருக்கலாம். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி போன்ற அமைப்புகளின் தரச் சான்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்த பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். 1.5 டெஸ்லா பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். 3 டெஸ்லா நுணுக்கமான படம் தரும். 1.5க்கும் கீழே என்றால் அது போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மறுபடி எடுக்க வைக்கும் ஸ்கேனைப் போல விலை உயர்ந்தது வேறில்லை.

விலையே பார்க்கக் கூடாத நேரங்களும் உண்டு. திடீரென்று முகம் கோணுவது, கை கால் விழுவது, நெஞ்சுவலி, தலையில் பலத்த அடி என்றால் நேராக அவசரப் பிரிவுதான். மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிய குழந்தைகள், இதய எம்.ஆர்.ஐ., பேஸ்மேக்கர் வைத்தவர்கள், புற்றுநோய்க்குத் தொடர்ந்து ஒரே இடத்தில் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு வருபவர்கள் ஆகியோர் மருத்துவமனையை விட்டு நகராமல் இருப்பது நல்லது.

40 வயதிலிருந்து பெண்களுக்கான வழக்கமான பரிசோதனை மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே), இன்-நெட்வொர்க் இடமாக இருந்தால், பெரும்பாலான திட்டங்களில் டிடக்டிபிளே இல்லை. அதற்கு விலை பார்த்து அலைய வேண்டாம், தள்ளிப் போடவும் வேண்டாம்.

## ஸ்கேன் முடிந்த பிறகு

படங்களை சி.டி. தட்டிலோ இணைய இணைப்பிலோ வாங்கிக்கொண்டு போங்கள். வேறு சென்டரில் எடுத்தால் உங்கள் டாக்டரின் கணினிக்கு அவை தானாகப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

பில் வந்ததும் உடனே கட்டிவிடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஈ.ஓ.பி. என்னும் கணக்குத் தாள் வரும் வரை பொறுங்கள். “இது பில் அல்ல” என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். பட்டியல் விலை, ஒப்பந்த விலை, உங்கள் பங்கு மூன்றும் அதில் இருக்கும். சென்டர் அனுப்பிய பில்லில் உள்ள தொகை, இந்தத் தாளில் உங்கள் பங்காகக் காட்டியிருப்பதைவிட அதிகமாக இருந்தால் கட்ட வேண்டாம். சி.பி.டி. எண்ணை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு பில் அனுப்பிய அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். விலை கேட்டபோது யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.